பிபிஎம்என் (BPMN), பெட்ரி வலை: ஒப்பீட்டுக்கு உதவி தேவை

வணக்கம். வணிகச் செயல்முறைகளை வரைந்து காட்டும் மொழிகள் நடைமுறை உலகை எந்த அளவுக்குப் பிரதிபலிக்கின்றன என்பதை, தத்துவவியலாளர் மரியோ புங்கேயின் மெய்ப்பொருளியலிலிருந்து (உலகில் என்னென்ன உள்ளன என்பதை ஆராயும் தத்துவம்) தகவல் அமைப்பு ஆய்வாளர்களான வாண்டும் வெபரும் வகுத்த சட்டகத்தைக் கொண்டு, ஆய்வேட்டுக்காக ஒப்பிட்டு வருகிறேன். 1962-இல் கார்ல் ஆடம் பெட்ரியின் ஆய்வேட்டிலிருந்து பிறந்த பெட்ரி வலை என்ற வரைபட மொழியில் குறியீடுகள் மிகக் குறைவு. ஆயினும் செயல்முறை எந்த நிலையில் நிற்கிறது என்பதை வட்டத்துக்குள் வைக்கும் ஒரு புள்ளியே காட்டிவிடுகிறது. வணிகச் செயல்முறைகளை வரைவதற்கான தரநிலை மொழியான, குறியீடுகள் குவிந்துகிடக்கும் பிபிஎம்என் 2.0-இலோ, கடன் விண்ணப்பம் ‘பரிசீலனையில்’ இருப்பதைத் ஆவணத்தையோ தகவலையோ காட்டும் குறியான தரவுப் பொருளின் பெயரருகே சதுர அடைப்புக்குள் எழுத வேண்டியிருக்கிறது. வேலையைச் செய்வது யார் என்று காட்டும் பட்டையான ‘லேன்’ என்ற ஒரே குறியீடு துறையையும், பதவியையும், சில நேரம் மென்பொருளையும் குறிக்கிறது. இது குறைபாடா, வரைபவருக்குத் தரும் சலுகையா என்பதில்தான் எனக்குக் குழப்பம். வங்கி அல்லது காப்பீட்டுப் பணிகளில் இவற்றைக் கையாண்டவர்கள், குறியீடு போதாமல் போன இடங்களையும் அங்கே செய்த மாற்று ஏற்பாட்டையும் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.