மெட்ரிக்கா, மாநகராட்சிப் பள்ளியா? உங்க வீட்ல எப்படி முடிவாச்சு?

வியாசர்பாடி அம்மா:
2021 ஜூன். லாக்டவுன்ல வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு. பொண்ணு அஞ்சாவது முடிச்சிருந்தா. மெட்ரிக் ஸ்கூல்ல 14,000 ரூபா பாக்கி. ரெண்டு தெரு தள்ளி இருக்கிற மாநகராட்சிப் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஹெச்.எம். ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பார்த்துட்டு, "டி.சி. அப்புறம் வரட்டும், நாளையிலருந்து அனுப்புங்க"ன்னுட்டாங்க.

சிக்கல் எமிஸ்ல, அதான் பிள்ளைங்க பேரெல்லாம் இருக்கிற கல்வித்துறை ஆன்லைன் பதிவுல. பழைய ஸ்கூல் அவ பேரைக் காமன் பூல்ங்கிற பொதுப் பட்டியலுக்குத் தள்ளி விட்டாத்தான் புது ஸ்கூல் எடுத்துக்க முடியும். கேக்கப் போனா, கவுன்ட்டர்ல இருந்த அம்மா நிமிர்ந்துகூட பார்க்கல. கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பி வெச்சாங்க, அவ்வளவுதான். மூணு தடவை நடந்தேன். நாலாவது தடவை கம்மலை அடகு வெச்சுட்டுப் போனேன். டி.சி.க்காகப் பிள்ளையச் சேர்க்காம இருக்கக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துல இருக்காம். டி.சி.யில கட்டணப் பாக்கின்னு எழுதவே கூடாதுன்னு உயர் நீதிமன்றம் 2024ல சொன்னப்ப, என் கையில இருந்தது அடகுக் கடை ரசீது.

மாமியார் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசல. "டை கட்டிட்டுப் போன புள்ள"ன்னு ஒரே புலம்பல்.

இப்ப பாருங்க கூத்தை. மருத்துவச் சேர்க்கையில 7.5 சதவீதம் அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு, ஆனா ஆறாவதுலருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அங்கயே படிச்சிருக்கணும். எதிர்வீட்டுக்காரங்க வந்து, "கரெக்டா ஆறாவதுல மாத்திட்டீங்களே, செம பிளான்"ன்றாங்க. பிளானாவது ஒண்ணாவது, அன்னைக்கு எங்ககிட்ட காசு இல்ல.

வில்லிவாக்கம், ஆட்டோ ஓட்டுறேன்:
அக்கா, என் பையன் ஆர்.டி.இ. குலுக்கல்ல வந்தவன். அதான், கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் ஸ்கூல்ல ஏழைப் பிள்ளைங்களுக்கு ஒதுக்குற 25 சதவீத சீட்டு. வருமானம் 2 லட்சத்துக்குள்ள, வீடு 1 கிலோமீட்டருக்குள்ள, எல்லாம் சரியா இருந்தும் சீட்டு கம்மி, ஆள் அதிகம். பிளாஸ்டிக் வாளில துண்டுச் சீட்டைப் போட்டு ஒரு குழந்தைய விட்டு எடுக்கச் சொன்னாங்க. என் நம்பர் வந்ததும் பக்கத்துல நின்ன அம்மா கையில இருந்த ஃபைலை மூடிட்டாங்க. சந்தோஷப்படக் கூச்சமா போச்சு.

எல்.கே.ஜி.லருந்து எட்டாவது வரைக்கும் ஃபீஸ் அரசாங்கம் குடுக்கும். புக்கு, யூனிஃபார்ம், வேன், ஆண்டு விழா டிரஸ்ஸுன்னு நம்ம கைக்காசு தனியா ஓடும். ஒன்பதாவதுல முழு ஃபீஸ், இல்லன்னா வெளிய. என் பொண்ணுக்கு 2025ல போடலாம்னு இருந்தேன். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டப் பணத்தை ஒன்றிய அரசு தரலன்னு மே மாசம் விண்ணப்பமே திறக்கல. பொண்ணு இப்ப மாநகராட்சிப் பள்ளில, காலைல பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டு உட்காருது. ஒரே வீட்ல ரெண்டு ஸ்கூல். யாரு நல்லா வருவாங்கன்னு நானே வேடிக்கை பார்த்துட்டு இருக்கேன்.

ராயபுரம்:
உங்களுக்குக் குலுக்கலாவது இருந்துச்சுண்ணா. எங்க வீட்டுக்கு 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கிறது எல்லாம் சிறுபான்மைப் பள்ளிங்க. 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அவங்களுக்கு இந்த 25 சதவீதம் கிடையாது. விண்ணப்பத்துல தேர்ந்தெடுக்க ஒரு பேரும் வரல.

ஓய்வு பெற்ற டீச்சர்:
சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். நான் மாநகராட்சிப் பள்ளில 26 வருஷம் வேலை பார்த்தவ. என் பையன் படிச்சது சி.பி.எஸ்.இ.

ஒவ்வொரு மே மாசமும் வீடு வீடா ஏறி, "எங்க ஸ்கூல்ல சேருங்க, ஃபீஸ் இல்ல, இங்கிலீஷ் மீடியமும் இருக்கு"ன்னு துண்டறிக்கை குடுப்போம். பொய் சொல்லல. என் வகுப்புல 22 பிள்ளைங்க, ஒவ்வொருத்தரா உட்கார வெச்சு வாசிக்கச் சொல்ல முடிஞ்சுது. ஆனா வாக்காளர் பட்டியல் வேலைன்னு என்னை இழுத்துட்டுப் போனா அந்த 22 பேரும் அடுத்த வகுப்புல போய் நெருக்கி உட்காருவாங்க. அது எனக்குத் தெரியும். அதனாலதான் என் பையனை அங்க போடலன்னு சொல்லிக்குவேன். முழு உண்மை அது இல்ல. எங்க தெருவுல யாரும் போடல, நானும் போடல.

ஒரு தடவை பூக்கார அம்மா, பொண்ணைச் சேர்க்கிறதுக்காகக் கைநாட்டு வெச்சுட்டு, மையைத் துடைச்சுக்கிட்டே கேட்டாங்க: "டீச்சர், உங்க புள்ள எந்த ஸ்கூலு?"

"ரொம்ப தூரம்மா"ன்னேன்.

அந்த அம்மா மேல ஒண்ணும் கேக்கல. கூடையிலருந்து ஒரு முழம் அளந்து என் மேஜை மேல வெச்சுட்டுப் போனாங்க.