மறு: ‘ட்ரை’ வைனுக்கு ‘உலர்’ வேண்டாம், ‘தித்திப்பு தீர்ந்த’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம். சீட்டில் ‘ட்ரை’ (dry) என்று போட்ட, தித்திப்பில்லாத வைனுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இழையில், நீங்கள் சொன்னவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் இது.

> ‘உலர் திராட்சை மது’ என்றே வைத்துக்கொள்ளலாமே? ட்ரை என்றால் உலர்ந்ததுதானே.

வேண்டாமுங்க. உலர் திராட்சை என்று படித்ததும் பாயசத்தில் மிதக்கும் கிஸ்மிஸ்தான் கண்முன் வரும். ட்ரை வைனில் காய்ந்துபோனது எதுவுமில்லை. திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிட்டது, அவ்வளவுதான். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை போனால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். அப்படியானால் 13 சதவீத வைனில் லிட்டருக்குச் சுமார் 220 கிராம் போயிருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி மிச்சம் 4 கிராமைத் தாண்டாவிட்டால் ட்ரை என்று போடலாம். புளிப்பு கூடுதலாக இருந்தால் 9 கிராம் வரைகூட விடுகிறார்கள். நமக்கு வேண்டிய சொல் ஈரத்தைப் பற்றியதே அல்ல.

> ‘இனிப்படங்கிய வைன்’?

கருத்து சரி. ஆனால் ‘வைட்டமின் அடங்கிய’ என்று படித்துப் பழகிய கண்ணுக்கு இது இனிப்பு உள்ள வைன் என்றே படும்.

> குடித்தால் வாய் வறளுகிறது. ‘துவர் வைன்’ என்போம்.

இந்தக் குழப்பம்தான் எனக்குப் பெரிய கவலை. வாயை இழுத்துப் பிடிப்பது டானின் என்ற துவர்ப்புப் பொருள். அந்தச் சுவைக்குத் துவர்ப்பு என்ற பேர் அறுசுவையிலேயே இருக்கிறது. பாக்கு, கடுக்காய், பால் ஊற்றாத கடுந்தேநீர் எல்லாவற்றிலும் இதே இழுப்புதான். டானின் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் நாக்கு சொரசொரக்கிறது. தித்திப்பான போர்ட் வைனிலும் துவர்ப்பு உண்டு. ட்ரையான வெள்ளை வைனில் அது பெரும்பாலும் தெரியாது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் கடையில் ஏமாறுவோம்.

போன கிறிஸ்துமஸுக்குக் கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டு விருந்து. ஆயிரம் ரூபாய்க்குள் ஒரே பாட்டில் என்பது எங்கள் கணக்கு. அண்ணன் ‘ட்ரை’ என்று பார்த்துச் சிவப்பு கேபர்நே சொவினியோன் வாங்கிவந்தார், துவர்ப்பு மிகுந்த வைன் அது. இலையில் பள்ளிபாளையம் சிக்கன். வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் சேர்த்துப் பிரட்டியது. ஒரு வாய் கறி, ஒரு மடக்கு வைன், அவ்வளவுதான், அண்ணி தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடும். அதே விலையில் லேசாகத் தித்திக்கிற நாசிக் செனின் பிளாங்க் என்ற வெள்ளை வைன் கிடைக்கிறது. அதைக் குளிரவைத்து ஊற்றியிருந்தால் காரம் தணிந்திருக்கும். மிச்சமிருந்த சிவப்பு, மறுநாள் கொழுப்போடு வறுத்த வெள்ளாட்டுக் கறிக்கு அத்தனை பொருத்தமாக இருந்தது. பாட்டிலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

‘தீர்ந்த’ என்பது என் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) சொல். 1987இல் கள்ளுக்குத் தடை வருவதற்கு முந்தைய கதை அது. சுண்ணாம்பு பூசிய முட்டியில் (மண்கலயத்தில்) இறக்கினால் தெளுவு, அதாவது பதநீர், பூசாவிட்டால் கள். “பொழுது ஏற ஏறத் தித்திப்பு தீந்து போயிரும் கண்ணு” என்பார். வைன் பீப்பாயில் நடப்பதும் அதேதான்.

ஆகவே ட்ரைக்குத் ‘தித்திப்பு தீர்ந்த’. எழுவாய்த் தொடர் என்பதால், ‘கொக்கு பறந்தது’ போல இதிலும் ஒற்று மிகாது. லேசாகத் தித்திக்கிற ஆஃப்-ட்ரைக்கு இளஞ்சூடு போல ‘இளந்தித்திப்பு’.

நுரைக்கும் வைனில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்றால் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை, வெறும் ‘ட்ரை’ என்றால் 17 முதல் 32 கிராம்! சீட்டில் ட்ரை என்று இருந்தாலும் அதற்கு இளந்தித்திப்பு என்று எழுதுவதே நேர்மை. ‘உலர்’ என்று பெயர்த்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணிலேயே பட்டிருக்காது.

(வைனுக்கே ‘தேறல்’, அதாவது தெளிந்த மது, என்று வைக்கலாமா எனக் கேட்டவருக்கு: எனக்கும் ஆசைதான். யவனர் தந்த தண்கமழ் தேறலைப் புறநானூறு 56 பாடுகிறது. அதைத் தனி இழையில் பேசுவோம்.)

இந்த வருட விருந்துக்கு அண்ணி உணவு அட்டை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். ஒப்புட்டுக்கு (போளிக்கு) நேரே வைன் வகையை எழுதத்தான் சொல் தேடுகிறேன். பலகாரத்தைவிட வைன் தித்திப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வைன் புளித்துத் தெரியும். இப்போதைக்கு ‘முழுத்தித்திப்பு’ என்று பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் டிசம்பர் 20க்குள் சொல்லுங்க, அன்றைக்குத்தான் அச்சுக்குக் கொடுக்கிறோம்.