லைடாருக்கு மேசைக்கால் தெரிகிறது, மேசை தெரியவில்லை

பிறைக்காரன்:
வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் மாமா வாழையிலைச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அங்கே மோர், தண்ணீர் கொண்டுபோக ஒரு சின்ன ரோபோ செய்கிறேன். தரையிலிருந்து 18 செ.மீ. உயரத்தில் ஆர்பிலைடார் ஏ1 (லேசரைச் சுழற்றித் தூரம் அளக்கும் லைடார் சென்சார்) வைத்திருக்கிறேன். வீட்டு ஹாலில் ஒழுங்காக ஓடியது, கடையில் முதல் நாளே இரண்டு மேசைக்கால்களுக்கு நடுவே புகுந்து, விளிம்பில் இடித்து, ஆறு டம்ளர் மோரையும் கொட்டிவிட்டது. லைடார் அளந்து போட்ட கடையின் மேப்பில் கண்ணாடிக் கதவே இல்லை, வெளியே நிற்கும் மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது. கை கழுவும் இடத்தில் ஆளுயர முகக்கண்ணாடி உண்டு, அதற்குப் பின்னால் இன்னொரு கடையே முளைத்திருக்கிறது! லைடாரைக் கழற்றிவிட்டு தூரத்தையும் கணிக்கும் ரியல்சென்ஸ் டி435 கேமரா போடலாமா? பணம் மாமாவிடம்தான் கேட்கவேண்டும், அவர் ஏற்கெனவே முறைக்கிறார்.

செந்தூல்வாசி:
கழற்றாதீர்கள் தம்பி. ஏ1 ஒரே மட்டத்தில்தான் சுற்றிப் பார்க்கும். 18 செ.மீ. உயரத்தில் உங்கள் மேசை என்பது நாலு குச்சி, நடுவே வழி இருப்பதாக நினைத்து அது போனதில் தப்பே இல்லை. ஆனால் 12 மீட்டர் வரை, 360 பாகையும் பார்க்கும், மேப் போட அதுதான் சரி. டி435-இன் இரண்டு அகச்சிவப்புக் கண்களுக்கு இடையே 5 செ.மீ.தான், அதனால் தூரம் இரண்டு மடங்கானால் அது கணிக்கும் தூரத்தில் வரும் பிழை நாலு மடங்காகும். கிட்டத்துக்கு அது போதும், மேசை விளிம்பு நன்றாகவே தெரியும். ஒன்று, சுமார் 28 செ.மீ.க்கு உள்ளே அதற்குக் கண் தெரியாது, ஆகவே ரோபோவின் மூக்கில் வைக்காமல் பின்னால் தள்ளி, கொஞ்சம் குனிந்து பார்க்கும்படி வையுங்கள். அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா 2005-இல் நடத்திய ஓட்டுநரில்லாக் கார் போட்டியில் ஜெயித்த ஸ்டான்லி காரிலும் கிட்டத்துக்கு லேசர், தூரத்துப் பாதைக்குக் கேமரா என்று இரண்டும் இருந்தன. உங்களுக்கு அது அப்படியே தலைகீழ்.

பாயான் லெப்பாஸ் அக்கா:
கேமரா வாங்கினாலும் கண்ணாடிக் கதவை நம்பாதீர்கள், அதுவும் கண்ணாடியைத் தாண்டித்தான் பார்க்கும். லேசர் படும் உயரத்தில் ஒளிபுகாத டேப் ஒட்டுங்கள். முகக்கண்ணாடிக்கும் அதேதான். கூடவே ஒரு அல்ட்ராசோனிக் சென்சார் போட்டால் நல்லது, ஒலி கண்ணாடியில் பட்டுத் திரும்பும், கோலாலம்பூர் ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்.

அப்புறம் லைடார், கேமரா இரண்டும் பார்ப்பதை ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் தலைவலி ஆரம்பம். கேமரா பக்கவாட்டில் ஒரு பாகை திரும்பியிருந்தால் 3 மீட்டரில் 5 செ.மீ. விலகும். ஒவ்வொரு அளவும் எப்போது எடுத்தது என்று குறிக்கும் நேரமுத்திரை 0.1 விநாடி பிசகினால், விநாடிக்கு அரை மீட்டர் ஓடும் ரோபோவுக்கு இன்னொரு 5 செ.மீ. நான் இப்படித்தான் ஒரே மேசைக்காலை இரண்டாகப் பார்த்து ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன், கடைசியில் பார்த்தால் கேமராவைப் பிடித்திருந்த ஸ்குரூ லூஸ்.

பிறைக்காரன்:
அக்கா, டேப் ஒட்டினேன், கதவு மேப்பில் வந்துவிட்டது! ஆனால் ரோபோ வேறு இடத்தில் நின்றால் மறுபடி காணாமல் போகிறது. தண்ணீர் வடிய தரையைச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள், லேசரும் கூடவே சாய்கிறது. ஒரு பாகை சாய்ந்தாலே 4 மீட்டரில் 7 செ.மீ. ஏறி இறங்குமே. இன்னும் அகலமாக ஒட்டவேண்டும் என்றேன். கடை வாசலில் கறுப்பு டேப்பா என்று மாமா சத்தம் போட்டுவிட்டு, உள்ளே போய் போன தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய கோலம் ஸ்டிக்கரை எடுத்து வந்து அவரே குனிந்து ஒட்டினார். இப்போது எங்கே நின்றாலும் கதவு தெரிகிறது. கேமராவுக்குப் பணம் நாளைக்குக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.