வேலூர் வெயிலிலிருந்து ஊட்டிக்கு மூணு நாள்: பை கட்டுவது எப்படி?

சாய்நாதபுரம்_மாடித்தோட்டம்:
வணக்கம். மே இரண்டாவது வாரம் ஊட்டி போகிறோம். வியாழன் ராத்திரி காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர். வெள்ளி காலை மேட்டுப்பாளையத்தில் 7.10 மலை ரயில், டிக்கெட் உறுதியாகிவிட்டது. ஞாயிறு பஸ்ஸில் கீழே இறங்கி ராத்திரி அதே எக்ஸ்பிரஸில் திரும்புகிறோம். நாங்கள் இரண்டு பேர், 4 வயதுப் பையன், 68 வயது மாமியார். மாமியாருக்கு சர்க்கரை, காலையும் ராத்திரியும் இன்சுலின் பேனா. பையனுக்கு வளைவு ரோடு என்றால் வாந்தி. வீட்டில் ஸ்வெட்டர் ஒன்றுகூடக் கிடையாது, வெயிலூரில் எதற்கு என்று வாங்கியதே இல்லை. என்னென்ன எடுக்கணும், எவ்வளவு எடுக்கணும்? மாடியில் 20 தொட்டிச் செடிகள் வேறு இருக்கின்றன.

பாலாற்றங்கரை:
எவ்வளவு என்பதைவிட எந்த வரிசையில் அடுக்குகிறீர்கள் என்பதுதான் இந்தப் பயணத்தில் முக்கியம். வேலூர் மே மாதத்தில் பகல் 40 டிகிரியைத் தாண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், ராத்திரி 12 டிகிரிக்கே கூட வரும். இந்த வித்தியாசம் உங்களுக்கு அரை நாளுக்குள் வருகிறது. ஸ்லீப்பரில் வேர்க்கும், கல்லாறு ஸ்டேஷன் தாண்டி மலை ரயில் பல்சக்கரத்தால் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும்போது காற்று மாறும், குன்னூரில் பையன் நடுங்குவான். ஸ்வெட்டர் பெரிய பையின் அடியில் இருந்தால் அங்கே எடுக்க முடியாது. மலை ரயில் பெட்டி சின்னது, சூட்கேஸைத் திறந்து வைக்க இடம் இருக்காது.

அதனால் ஒரே பெரிய சூட்கேஸ் வேண்டாம். மடியிலோ சீட்டுக்கு அடியிலோ போகிற மாதிரி மெத்தென்ற பை மூன்று போதும். ஒன்று கைப்பை: ஆளுக்கொரு மேல்சட்டை, காது மூடும் குல்லா, மருந்து, தண்ணீர், பையனுக்கு ஒரு மாற்று உடை, பழைய துண்டு, வாந்திக்கு நாலு காகிதப் பை. இரண்டாவது பையில் ஊட்டித் துணி. மூன்றாவது சின்னப் பையில் திரும்பி வரும்போது போட ஆளுக்கொரு பருத்தித் துணி. இதை ஞாயிறு வரை திறக்கவே வேண்டாம். வண்டி காட்பாடிக்கு விடியற்காலையில் வரும், நிற்பதும் சில நிமிஷம்தான். கம்பளியோடு தூங்கி எழுந்து அவசரமாக இறங்குவது வேதனை.

துணிக் கணக்கு: ஆளுக்கு மேல்துணி 3, பேன்ட் அல்லது புடவை 2, உள்ளாடை 5, சாக்ஸ் 4 ஜோடி (படுக்கும்போது போட ஒன்று தனியாக). பையனுக்கு எல்லாவற்றிலும் இரண்டு கூடுதல். ஜீன்ஸ் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். நனைந்தால் அந்த ஈரக்காற்றில் மறுநாளும் காயாது, அங்கே துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். மே மத்தியானங்களில் மழை பிடிக்கும், குடையைவிட ரெயின்கோட் நல்லது, பையனைத் தூக்க இரண்டு கையும் காலியாக இருக்கும்.

ஸ்வெட்டரை வேலூரில் தேடி அலையாதீர்கள். இங்கே இருந்து மெல்லிய முழுக்கை பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஒரு ஜெர்கின் என்று மூணு அடுக்கு போனால் மலை ரயிலுக்குத் தாங்கும். ஊட்டியில் திபெத்தியர்கள் கம்பளி விற்கும் சந்தை இருக்கிறது, அங்கே வாங்கிக்கொள்ளலாம். மாமியாருக்கு மட்டும் ஒரு சால்வை கையோடு போகட்டும்.

எல்லாரும் கோட்டை விடுகிற ஒன்று, தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலில் கொண்டு போனால் மூணு நாளும் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வாய் அகன்ற சின்ன டப்பாவில் ஊற்றுங்கள், விரலால் வழித்துக்கொள்ளலாம். ஷாம்பு பாட்டில் வேறு விதம். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஷாம்புவைத் தள்ளும். மூடுவதற்கு முன் பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாயில் ஒரு பாலித்தீன் துண்டு வைத்துத் திருகுங்கள். சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்புவதும் இதனால்தான், கெட்டுப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள்.

கஸ்பா_சமையல்கட்டு:
சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. வண்டி காட்பாடிக்கு வரவே ராத்திரி பதினொரு மணி வாக்கில் ஆகிவிடும், ராத்திரிச் சாப்பாடு வீட்டிலேயே முடியட்டும். கட்ட வேண்டியது வெள்ளிக்கிழமை காலைக்கு மட்டும். பெரியவர்கள் மூணு பேருக்கும் ஆளுக்கு நாலு, பையனுக்கு இரண்டு என்று 14 இட்லி. ராத்திரி எட்டு மணிக்கு ஊற்றி, தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். ஆறின பிறகு நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவி வாழை இலையில் அடுக்குங்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் தண்ணீராகி இட்லிமேல் சொட்டும், விடிவதற்குள் நூல் விட்டுவிடும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். பையனுக்குப் பொடி இல்லாமல், எண்ணெய் மட்டும் லேசாக.

காலை பதினொரு மணிப் பசிக்கு ஒரு ஆழாக்கு அரிசியில் புளிச்சோறு போதும். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிகிற வரை சுண்டணும், சோறும் காய்ச்சலும் இரண்டுமே ஆறின பிறகு கிளறணும். எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள், அலுமினியத்தைப் புளி அரிக்கும்.

மலை ரயிலுக்குள் கழிப்பறை கிடையாது. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனிலேயே எல்லாரும் போய்விட்டு ஏறுங்கள், அடுத்து ஹில்குரோவ், குன்னூரில் நிற்கும். குன்னூரில் இன்ஜின் மாற்றுவதால் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

தோட்டப்பாளையம்_மருந்துக்கடை:
இன்சுலின் வெயிலில் மட்டுமல்ல, ஐஸில் வைத்தாலும் கெடும். ஒரு தடவை உறைந்தாலே அது உபயோகமில்லை, உருகின பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. ஜெல் பையை ஒரு கைத்துண்டில் இரண்டு சுற்று சுற்றி, அதன் பக்கத்தில் பேனாவை வையுங்கள். நேராகத் தொடக்கூடாது. ஊட்டி போனதும் ஜெல் பை தேவையே இல்லை, அறைச் சூடே போதும். ஜன்னலோரத்தில் மட்டும் வெயில் படுகிற மாதிரி வைக்காதீர்கள்.

எண்ணிக்கை: வெள்ளி காலையிலிருந்து திங்கள் காலை வரை 7 ஊசி. நீடில் 12, கூடுதல் பேனா ஒன்று. மாத்திரைகள் ஏழு நாளுக்கு, பாதி கைப்பையில், பாதி இன்னொரு பையில். டாக்டரின் மருந்துச் சீட்டை போனில் படம் எடுத்து வைப்பதோடு ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி மேட்டுப்பாளையம் சேர்ந்ததும் வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்து ஊசி, டாக்டர் சொன்ன இடைவெளியில் இட்லி, பிறகு மலை ரயில். ஊசி போட்டுவிட்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடக்கூடாது. ஊட்டியில் மேடு பள்ளம் ஏறி இறங்கினால் சர்க்கரை வழக்கத்தைவிட இறங்கலாம், குளுக்கோஸ் பாக்கெட் மாமியார் கையிலேயே இருக்கட்டும். குளுக்கோமீட்டர் ரொம்பக் குளிரில் எரர் காட்டும், ஸ்வெட்டருக்குள் பத்து நிமிஷம் வைத்துவிட்டுப் பாருங்கள்.

பையனுடைய வாந்தி மாத்திரை டாக்டர் எடை பார்த்து எழுதித் தருவது. வாந்தி ஆரம்பித்த பிறகு கொடுத்துப் புண்ணியமில்லை, முன்கூட்டியே எவ்வளவு நேரத்துக்கு முன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலை ரயில் மெதுவாகப் போகும், தொந்தரவு குறைவு. ஞாயிறு பஸ்தான் கவலை. முன்பக்க சீட், கண்ணாடி வழியாகத் தூரத்துப் பார்வை, போனில் கார்ட்டூன் கூடாது.

ரங்காபுரம்_குழாய்:
செடிக்கு: தொட்டிகளை மேற்குச் சுவரோரம் நெருக்கி வையுங்கள், பிற்பகல் வெயில் குறையும். அடியில் செங்கல் அல்லது பலகை, தளத்தின் சூடு வேரை அவிக்கும். நடுவில் ஒரு ஸ்டூல்மேல் வாளி நிறையத் தண்ணீர். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் திரி, முழுதும் நனைத்துவிட்டு ஒரு முனை வாளியின் அடிமட்டம் வரை, இன்னொரு முனை மண்ணில் இரண்டு அங்குலம். காய்ந்த திரி இழுக்காது. வாளி தொட்டியைவிட உயரத்தில் இருக்கணும். கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பே போட்டுப் பாருங்கள், திரி தடியாக இருந்தால் வாளி ஒரே ராத்திரியில் காலியாகும்.

ஃபிரிட்ஜை அணைக்க வேண்டாம், ஆனால் மாவு, பால் இருக்கக்கூடாது. ஃபிரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய்க் காசு. திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால் நீண்ட நேரம் கரண்ட் போயிருக்கிறது, உள்ளே இருப்பதைக் கொட்டிவிடுங்கள். சிலிண்டர், மோட்டார் சுவிட்ச் அணைத்து, பால், பேப்பர் நிறுத்தச் சொல்லுங்கள்.

சாய்நாதபுரம்_மாடித்தோட்டம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேங்காய் எண்ணெய் யோசிக்கவே இல்லை! நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் எடுக்கிற இ-பாஸ் எங்களுக்குத் தேவையா?

பாலாற்றங்கரை:
ரயிலுக்கும் அரசு பஸ்ஸுக்கும் தேவையில்லை. 2024 மே 7 முதல் அது வெளியூர் வண்டிகளுக்குத்தான். கார் எடுக்கும் எண்ணம் வந்தால் மட்டும் கவனியுங்கள். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வாரநாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வண்டி என்று நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது, உங்கள் தேதிக்கு என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை. மேட்டுப்பாளையத்திலேயே ஸ்டீல் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.