கோடை மாதங்களில் சறுக்கும் நீரோட்டக் கணிப்பு: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மழை, ஆவியாதல் தரவுகளை வைத்து ஆற்றின் தினசரி நீரோட்டத்தைக் கணிக்கும் மாதிரி ஒன்றை ஆய்வுக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். கணிப்பு அளவீட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு 0.82 வருகிறது. (1 வந்தால் முழுப் பொருத்தம்; 0 என்றால் வெறும் சராசரியைச் சொன்னதற்குச் சமம்.) ஆனால் வரைபடத்தைப் பெரிதாக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. வெள்ள நாட்கள் கச்சிதம். கோடையில் கணிப்பு, அளந்ததைப் போல இரண்டு மடங்கு!

1970-இல் வந்த அந்தச் சூத்திரம் பிழையை வர்க்கப்படுத்துவதால் பெரிய ஓட்டங்களே மதிப்பைத் தூக்கிவிடும். தெரிந்தும் ஏமாந்தேன். சிறிய ஓட்டங்களுக்கும் எடை கிடைக்கட்டும் என்று ஓட்டத்தின் மடக்கை (log) எடுத்துப் பார்த்தால், ஓட்டம் பூஜ்யமான நாட்களில் இடிக்கிறது; பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாதே. ஒரு சிறு எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம், சரி, எவ்வளவு கூட்டுவது?

அப்புறம், நிலத்தடிக் கசிவுக்கு மாதிரியில் ஒரே தேக்கம்தான் (நீரைச் சேர்த்துவைத்து ஆற்றுக்கு விடும் கற்பனைத் தொட்டி) வைத்திருக்கிறேன். வேகமானது, மெதுவானது என இரண்டாகப் பிரித்தால் பலன் இருக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.