வீடியோ கன்வர்ட் போட்டால் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, ப்ராசஸர் 100 சதவீதம் காட்டுகிறது

வேலூர்வெயில்:

வணக்கம். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பது 2015இல் வாங்கிய மேசைக் கணினி. இன்டெல் கோர் ஐ5 4460, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, விண்டோஸ் 10. அப்பா நாதஸ்வரம் வாசித்தவர். 2003 முதல் 2011 வரை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் அவர் வாசித்தது 16 டிவிடியில் இருக்கிறது, அவர் போன பிறகு எங்களிடம் இருப்பது அதுதான். சில டிஸ்க்குகள் இப்போதே நடுவில் சிக்கிச் சிக்கி ஓடுகின்றன, அதனால் எல்லாம் கெட்டுப்போவதற்குள் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு எம்பி4 ஆக மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முதல் டிஸ்க்கே முடியவில்லை. பன்னிரண்டு, பதினைந்து நிமிஷம் ஓடும், டாஸ்க் மேனேஜரில் சிபியு 100 சதவீதத்திலேயே நிற்கும், அப்புறம் திரை கறுப்பாகி, ஃபேன் சத்தம் ஒரு நொடி நின்று, தானாகவே மறுபடி பூட் ஆகிவிடும். நீலத்திரை எதுவும் வரவில்லை. பிரவுசர், வேர்டு, யூடியூப் என்று நாள் முழுக்கப் பார்த்தாலும் ஒன்றும் ஆவதில்லை.

தெரு முனையில் இருக்கும் சர்வீஸ்காரர் வந்து ரேமை எடுத்து ரப்பரால் தேய்த்து மாட்டினார், விண்டோஸை ஃபார்மேட் செய்தார், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்துப் பார்த்து அது நன்றாக இருக்கிறது என்றார். கடைசியில், ப்ராசஸருக்கு வயதாகிவிட்டது, லோடு தாங்கவில்லை, மதர்போர்டோடு சேர்த்து மாற்ற 9,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லோடு அதிகமானால் ப்ராசஸர் உண்மையிலேயே ரீஸ்டார்ட் ஆகுமா? செலவு செய்வதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தறிச்சத்தம்:

கேபினட்டை முதலில் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி ஓடுகிறது, பஞ்சுத் தூசி, ப்ராசஸர் மேல் சூட்டை இழுக்க இருக்கும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே போய் மெத்தை மாதிரி படிந்துவிடும், ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் காற்று உள்ளே இறங்காது. உங்களுக்குத் தறி இல்லாவிட்டாலும் பத்து வருஷத் தூசி சும்மா இருக்காது. ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு பென்சிலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். அதையும் மாற்றிவிடுங்கள்.

பனங்காட்டுப்பாதை:

பத்து வருஷப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் நண்பரே. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வமாக அனுமதி, உங்களுடையது நான்காம் தலைமுறை. அந்த 9,000த்தோடு கொஞ்சம் சேர்த்து அலுவலகங்களில் இருந்து கழித்துவிட்ட எட்டாம் தலைமுறைப் பெட்டி ஒன்றைப் பார்க்கலாம்.

ஈயப்பற்று:

திருநெல்வேலியில் 19 வருஷமாக போர்டு ரிப்பேர் பார்க்கிறேன் தம்பி. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில்: ஆகாது. லோடு மட்டும் எந்த ப்ராசஸரையும் ரீஸ்டார்ட் ஆக வைக்காது. 100 சதவீதம் என்றால் நான்கு கோருக்கும் வேலை இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். வீடியோ மாற்றும்போது அப்படித்தான் இருக்க வேண்டும், நாள் கணக்கில் அப்படியே ஓடவும் வேண்டும். ஓட முடியவில்லை என்றால் இரண்டில் ஒன்று: உள்ளே உண்டாகும் சூடு வெளியே போகவில்லை, அல்லது கேட்கிற மின்சாரம் உள்ளே வரவில்லை. ப்ராசஸரே கெட்டுப்போய் நான் பார்த்தது மிக அபூர்வம், போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் கெட்டுத்தான் நிறைய வரும். அதனால் அந்த 9,000 ரூபாயை இப்போது யாரிடமும் கொடுக்காதீர்கள்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னக் குறிப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. உங்கள் ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வீடியோ மெதுவாகுமே தவிரக் கணினி அணையாது. அதையும் மீறிச் சூடு ஏறினால்தான் பவரைத் துண்டிக்கச் சொல்லும். அப்படித் துண்டித்தால் பெரும்பாலும் பெட்டி அணைந்தே கிடக்கும், நாம்தான் பொத்தானை அழுத்தி எழுப்ப வேண்டும். உங்களுடையது ஒரு நொடியில் தானே எழுந்துவிடுகிறது. எனக்கு அது மின்சாரப் பக்கம் போலத் தெரிகிறது, ஆனாலும் அளந்து பார்க்காமல் முடிவு கட்ட மாட்டேன்.

இதைச் செய்யுங்கள். சூட்டை அளந்து காட்டும் கோர் டெம்ப் அல்லது எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டு, சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு, கன்வர்ட் ஓடும்போது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் லாகிங் வசதி இருக்கிறது, அதை ஓடவிட்டால் ரீஸ்டார்ட் ஆன பிறகும் கடைசி நொடியில் என்ன சூடு இருந்தது என்று ஃபைலில் பார்க்கலாம். அப்புறம் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் போய்ப் பாருங்கள். கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் இருக்கும். அதைத் திறந்து டீட்டெய்ல்ஸில் பக்செக் கோடு 0 என்று இருந்தால் விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் போயிருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்து மறைந்திருக்கிறது, அப்போது டிரைவர், ரேம் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

பச்சை ஒயர் சோதனை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பச்சையையும் கறுப்பையும் சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் இயங்க ஆரம்பிக்கிறதா என்று மட்டும்தான் தெரியும். லோடே இல்லாமல் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது, வெறும் வண்டி நகர்கிறது என்பதற்காக மூட்டை ஏற்றினாலும் இழுக்கும் என்று சொல்வது போல அது.

வேலூர்வெயில்:

ரொம்ப நன்றி அண்ணே. சொன்னபடி செய்தேன்.

பக்செக் கோடு 0தான். அதே மாதிரி 23 பதிவுகள் வரிசையாக இருக்கின்றன, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சூடு: மதியம் அறையே 37 டிகிரி, சும்மா இருக்கும்போது ப்ராசஸர் 56, கன்வர்ட் போட்டதும் நாலைந்து நிமிஷத்தில் 96, 97. கேபினட் மேசைக்குள் இருக்கும் அறையில் வைத்திருந்தேன், பின்பக்கம் சுவரோடு ஒட்டி, காற்றுப் போக வழியே இல்லை. வெளியே எடுத்துத் திறந்து பார்த்தால் தறிச்சத்தம் சொன்னதேதான், ஹீட் சிங்க் தெரியவே இல்லை.

ஊதிச் சுத்தம் செய்து, பேஸ்ட்டும் மாற்றினேன். பழையது காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. இப்போது சும்மா இருக்கும்போது 45, லோடில் 73. சந்தோஷமாக டிஸ்க்கைப் போட்டேன், 40 நிமிஷம் ஓடியது, எண்பது சதவீதம் முடிந்த நேரத்தில் மறுபடி ரீஸ்டார்ட். 73 டிகிரியில் எப்படி அணைந்தது?

@பனங்காட்டுப்பாதை, நீங்கள் சொல்வது புரிகிறது, அடுத்த வருஷம் கண்டிப்பாக மாற்றத்தான் வேண்டும். ஆனால் இந்த டிஸ்க்குகள் அடுத்த வருஷம் வரை தாங்குமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மழைத்தூறல்:

யுபிஎஸ் வழியாகத்தான் கொடுத்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் இதே கதை. 600 விஏ யுபிஎஸ், பேட்டரி செத்துப்போயிருந்தது, பக்கத்து அறையில் ஏசி கம்ப்ரஸர் எடுக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும், யுபிஎஸ் பேட்டரிக்கு மாற முயலும், அங்கே ஒன்றும் இருக்காது, கணினி ரீஸ்டார்ட். யுபிஎஸ்ஸைத் தாண்டி நேராகச் சுவர் பிளக்கில் கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

ஈயப்பற்று:

மழைத்தூறல் சொன்னதை முதலில் செய்யுங்கள், காசில்லாத சோதனை.

73 டிகிரியில் அணைந்தது நல்ல செய்திதான், சூடு இல்லை என்று நிச்சயமாகிவிட்டது. இனி எஸ்எம்பிஎஸ். உங்கள் ப்ராசஸருக்கு இன்டெல் குறித்திருக்கும் டிடிபி, அதாவது முழு வேலையில் அது எடுக்கும் மின்சாரத்தின் தோராய அளவு, 84 வாட். அது முழுக்க 12 வோல்ட் லைனில் இருந்து வருகிறது, ப்ராசஸர் பக்கத்தில் குத்தியிருக்கும் அந்த நாலு பின் கனெக்டர் வழியாக. கணக்குப் போட்டால் 7 ஆம்பியர். பிரவுசர் பார்க்கும்போது அதில் கொஞ்சம்தான் போகும், அதனால்தான் அப்போது ஒன்றும் ஆவதில்லை. முழு லோடு வரும்போது எஸ்எம்பிஎஸ்ஸால் அந்த 12 வோல்ட்டைப் பிடித்து வைக்க முடியவில்லை என்றால், மின்சாரம் சரியாக இருக்கிறது என்று எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்லும் பவர் குட் சிக்னல் விழும், போர்டு ரீசெட் ஆகும், சிக்னல் திரும்பியதும் மறுபடி எழும். நீங்கள் பார்க்கும் ஒரு நொடி இதுதான்.

சுத்தம் செய்த பிறகு 40 நிமிஷம் தாங்கியதற்கும் காரணம் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைடிக் கெபாசிட்டருக்குச் சூடுதான் எமன், 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்று எங்கள் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். மூடிய மேசைக்குள், வேலூர் வெயிலில், பத்து வருஷம். பெட்டியை வெளியே எடுத்ததும் அதற்கும் கொஞ்சம் மூச்சு கிடைத்திருக்கிறது, அதனால் கூட நேரம் இழுத்தது.

மல்டிமீட்டர் கிடைத்தால் அளந்துவிடலாம். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் நாலு ஓட்டை வெள்ளை கனெக்டர் ஒன்று சும்மா தொங்கும். டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வைத்து, மஞ்சள் ஒயர் ஓட்டையில் சிவப்பு முனை, கறுப்பில் கறுப்பு முனை. முனைகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. சும்மா இருக்கும்போது ஒரு அளவு, கன்வர்ட் ஓடும்போது ஒரு அளவு. 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம், மேசைக் கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் தர விதியின் அளவு அதுதான். மென்பொருள் காட்டும் வோல்டேஜை நம்ப வேண்டாம், பல போர்டுகளில் அது கன்னாபின்னாவென்று காட்டும்.

அந்த நாலு பின் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள், பழுப்பேறிக் கருகியிருக்கிறதா என்று. ப்ராசஸரைச் சுற்றியிருக்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது தம்பி, உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

இன்னொன்று, இடையில் டிஸ்க்குகளைக் காப்பாற்ற ஒரு வழி. பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட்டில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 80 சதவீதம் என்று வையுங்கள். வேகம் குறையும், இழுக்கும் மின்சாரமும் குறையும். இது மருந்து கிடையாது, தற்காலிகத் தாங்கல். அதற்கும் முன்னால், டிவிடியில் உள்ள ஃபைல்களை அப்படியே ஹார்டு டிஸ்க்குக்கும் ஒரு பென் டிரைவுக்கும் காப்பி எடுத்து வைத்துவிடுங்கள். வெறும் காப்பிக்கு லோடே கிடையாது. அப்பாவின் வாசிப்பு முதலில் பத்திரமாகட்டும், எம்பி4 அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தறிச்சத்தம்:

காப்பி எடுக்கும்போது சிக்குகிற டிஸ்க்கை வேறொரு டிவிடி டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் படிக்காதது இன்னொன்றில் படிக்கும், என் கல்யாண டிஸ்க்கை அப்படித்தான் மீட்டேன். துடைப்பதாக இருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக, வட்டமாக வேண்டாம்.

வேலூர்வெயில்:

முடிந்தது. எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

யுபிஎஸ் இல்லாமல் ஓட்டினேன், மாற்றம் இல்லை. மைத்துனர் எலக்ட்ரீஷியன், அவருடைய மல்டிமீட்டரை வாங்கி அளந்தேன். சும்மா இருக்கும்போது 11.8. கன்வர்ட் போட்டதும் 11.3, பத்து நிமிஷத்தில் 11.1, அப்படியே இறங்கிக்கொண்டே வந்து 10.9 என்று பார்த்த கையோடு ரீஸ்டார்ட். என் கண் முன்னாலேயே நடந்தது. போர்டில் கெபாசிட்டர் எதுவும் உப்பவில்லை, கனெக்டரும் சுத்தமாக இருந்தது.

450 வாட் எஸ்எம்பிஎஸ், 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் முத்திரை போட்டது, 2,600 ரூபாய்க்கு வாங்கி நானே மாட்டினேன். 24 பின் கனெக்டரைக் கழற்றத்தான் பயமாக இருந்தது, கொக்கியை அழுத்திப் பிடித்தால் சுலபமாக வருகிறது. இப்போது லோடில் 12.0, சூடு 71. நேற்று இரவு 10 மணிக்குப் போட்டது காலை வரை நிற்காமல் ஓடி மூன்று டிஸ்க் முடிந்திருந்தது. 16 டிஸ்க்கில் 14 முழுதாகக் காப்பி ஆகிவிட்டன, மீதி இரண்டை சித்தப்பா வீட்டு டிரைவில் போட்டுப் பார்க்க வேண்டும். 2006இல் சின்ன அத்தை கல்யாணத்தில் அப்பா வாசித்த தோடியை இன்று காலை அம்மா உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.

ஈயப்பற்று:

ரொம்ப சந்தோஷம் தம்பி. மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 80இல் வைத்திருந்தால் திரும்ப 100க்கு மாற்றிவிடுங்கள், மீதி டிஸ்க்குகள் சீக்கிரம் முடியும். பெட்டியை மறுபடி மேசைக்குள் தள்ள வேண்டாம். அந்த இரண்டு டிஸ்க் படிக்கவில்லை என்றால் தூக்கிப் போடாமல் இங்கே எழுதுங்கள், படிக்காத இடங்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுக்க வழி இருக்கிறது.