‘மீடியன்’ என்பதைச் சராசரி என்று எழுதலாமா?

மஞ்சள்காட்டுக்காரர் (பெருந்துறைப் பக்கம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி மஞ்சள் உழவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு குழுவின் ஆண்டறிக்கையைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. உறுப்பினர்களுக்கு ஏலத்தில் கிடைத்த ‘மீடியன்’ விலை என்று ஆங்கில வரைவில் ஒரு தொகை இருந்தது. நான் அதைச் ‘சராசரி விலை’ என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த மூத்த உறுப்பினர் ஒருவர், தம் எடைச்சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏனுங்க, சராசரின்னா மொத்தப் பணத்தை மொத்த எடையில வகுக்கோணுமுங்க. நான் போட்டுப் பார்த்தா இந்தத் தொகை வரலீங்களே” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மீடியனுக்குச் சரியான தமிழ்ச் சொல் எது? கணக்கில் பழக்கம் இல்லாதவர்களுக்கு அதைக் கூட்டத்தில் எப்படி விளக்குவது?

கோபி வாத்தியார் (ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்) எழுதியது:

தங்கள் மூத்த உறுப்பினர் கேட்டது மிகச் சரியான கேள்வி, ஐயா. மீடியனும் சராசரியும் ஒன்றல்ல. நம் மாநிலப் பாடநூல்களில் மீடியனுக்கு ‘இடைநிலை அளவு’ என்று பெயர். மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவது கூட்டுச் சராசரி. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் மீடியன் ‘இடையம்’ எனப்படுகிறது. ஆனால் அங்கே ‘இடை’ என்றால் நாம் சொல்லும் சராசரி. ஆகவே அங்கிருந்து சொல்லை எடுத்தாள்வோர் கவனமாக இருக்க வேண்டும். அறிக்கையில் ‘இடைநிலை விலை’ என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்த்துவிடுங்கள்.

விளக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஏழு பேர் ஏலத்தில் விரலி மஞ்சள் விற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். குவிண்டாலுக்கு அவர்கள் பெற்ற விலையைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் 11,800, 12,300, 12,500, 12,900, 13,200, 13,400, 18,400 ரூபாய் என்று வருகிறது. வரிசையின் நடுவில் நிற்பவர் நான்காமவர். அவர் பெற்ற 12,900 ரூபாய்தான் இடைநிலை அளவு. அவருக்குக் கீழே மூன்று பேர், மேலே மூன்று பேர். இதே ஏழு விலைகளையும் கூட்டினால் 94,500. ஏழால் வகுத்தால் சராசரி 13,500. இந்த 13,500 ரூபாயை ஏழு பேரில் ஆறு பேர் கண்ணாலேயே பார்க்கவில்லை என்பதைக் கூட்டத்தில் அழுத்திச் சொல்லுங்கள்; அவர்களுக்கு அது உடனே விளங்கும்.

18,400 பெற்றவரின் சீட்டை எடுத்துவிட்டால் ஆறு பேர் மிஞ்சுவார்கள். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்போது நடுவில் இருக்கும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும் என்பதால், 12,500, 12,900 ஆகியவற்றிலிருந்து 12,700 கிடைக்கும். ஒரு சீட்டு விலகியதில் இடைநிலை 200 ரூபாய்தான் இறங்கியது. சராசரியோ ஏறத்தாழ 12,683 ஆகி, 817 ரூபாய் சரிந்துவிட்டது. ஓரத்தில் நிற்கும் ஒரு பெரிய தொகை சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும். இடைநிலையை அப்படி இழுக்க முடியாது. வகுப்பில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நான் கண்ட தவறு ஒன்றுதான்: மாணவர்கள் வரிசைப்படுத்தாமலேயே நடு எண்ணை எடுத்துவிடுவார்கள். வரிசைப்படுத்தாத பட்டியலின் நடுவில் இருப்பது இடைநிலை ஆகாது.

பின்னலாடைக் கணக்கர் (திருப்பூர்) எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதை என் வேலையில் நேராகவே பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் கணக்கு எழுதிய ஒரு பனியன் கம்பெனியில், ஆட்களுக்குச் சராசரியாக மாதம் 16,000 ரூபாய் கொடுப்பதாக நிர்வாகம் சொல்லிவந்தது. கூட்டல், வகுத்தல் இரண்டிலும் பிழை கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலில் மேலாளரும் கட்டிங் மாஸ்டர்களும் சேர்ந்திருந்தார்கள். ஒரு நாள் இரவு 41 பேரின் சம்பளத்தையும் ஒரு நோட்டில் சிறியதிலிருந்து பெரியதாக எழுதிப் பார்த்தேன். இருபத்தோராவது வரியில் செக்கிங் பிரிவில் வேலை செய்த ஓர் அம்மாவின் பெயர் இருந்தது. அவருடைய சம்பளம் 11,500 ரூபாய். அந்தக் கம்பெனியில் ஒருவர் என்ன வாங்குகிறார் என்று யாராவது கேட்டால், அந்த அம்மாவின் சம்பளத்தைச் சொல்வதே நேர்மையான பதில் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பல நாடுகளில் வறுமைக் கோட்டை இடைநிலை வருமானத்தை வைத்து வகுப்பதும் இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இடைநிலை வருமானத்தின் 60 விழுக்காட்டுக்குக் கீழே உள்ளோரை வறுமைக்கு ஆளாகக்கூடியவர்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

மண்டிக்கடை (ஈரோடு) எழுதியது:

இடைநிலையைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொன்ன பிறகு, அது எங்கே உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன ஏழு பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். 11,800 ரூபாய்க்கு விற்றவர் 40 குவிண்டாலும், மற்ற ஆறு பேரும் ஆளுக்கு 5 குவிண்டாலும் கொண்டு வந்திருந்தால் மொத்தச் சரக்கு 70 குவிண்டால். அதில் பாதிக்கு மேல் 11,800 ரூபாய்க்கே போயிருக்கிறது. அதாவது எடைப்படி பார்த்தால் இடைநிலை விலை 12,900 அன்று, 11,800. ஆட்களை வரிசைப்படுத்துகிறோமா, குவிண்டால்களை வரிசைப்படுத்துகிறோமா என்பதை அறிக்கையில் எழுதாவிட்டால் படிப்பவர் ஏமாந்துபோவார். குழுவுக்கு மொத்தம் எவ்வளவு பணம் வந்தது என்று கேட்டால், இரண்டு இடைநிலையும் உதவாது. எடையோடு பெருக்கிக் கூட்டி, 70ஆல் வகுத்து வரும் 12,650 ரூபாய்தான் வேண்டும். தங்கள் மூத்த உறுப்பினர் கேட்டது இந்தக் கணக்கைத்தான்.

இன்னொன்று. வேளாண் சந்தை விலைகளை வெளியிடும் அரசின் அக்மார்க்நெட் தளத்தில் குறைந்த விலை, அதிக விலை ஆகியவற்றோடு ‘மோடல்’ விலை என்று ஒன்று போடுவார்கள். அது பாடநூலில் ‘முகடு’ எனப்படுவது. பெரும்பகுதிச் சரக்கு எந்த விலைக்குப் போனதோ அதைக் குறிப்பது. மோடல், மீடியன் என்று காதில் ஒன்றுபோல் விழுவதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களை மண்டியில் அடிக்கடி பார்க்கிறேன்.

நொய்யல்கரை (கோவை, செவிலியர்) எழுதியது:

எங்கள் துறையில் இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் மனம் உடைந்துபோகிறார்கள். ஒரு நோய்க்கு ‘மீடியன்’ வாழ்நாள் எட்டு மாதம் என்று மருத்துவர் சொன்னால், வெளியே வரும் குடும்பத்தார் “எட்டு மாசந்தானாமுங்க” என்று அழுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் அதுவன்று; நோயாளிகளில் பாதிப் பேர் எட்டு மாதத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு தாண்டி என்பதை அந்த ஓர் எண் சொல்லாது. அமெரிக்கத் தொல்லுயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றில் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டபோது, அந்நோய்க்குச் சொல்லப்பட்ட இடைநிலை வாழ்நாள் எட்டு மாதம்தான். அவர் 2002 வரை, இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குடும்பத்தாரை உட்காரவைத்து, “நூறு பேர்ல அம்பது பேரு அதுக்கு மேலயும் இருந்திருக்காங்க” என்று அந்தச் சொல்லைப் பிரித்துச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கோபி வாத்தியார் எழுதியது:

நல்ல விளக்கம், அம்மா. ஒரு சிறு குறிப்பை மட்டும் சேர்க்கிறேன். கூட்டத்தில் யாராவது “சென்டர் மீடியன்தானே?” என்று கேட்கக்கூடும். சேலத்திலிருந்து கொச்சி செல்லும் 544ஆம் எண் நெடுஞ்சாலை போன்ற நால்வழிச் சாலைகளின் நடுவே செடிகள் நட்டு விட்டிருக்கும் தடுப்புக்கும் அதே பெயர்தான். இரண்டுக்கும் வேர் ‘நடுவில் உள்ளது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல். முக்கோணத்தின் முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு வரையும் நடுக்கோடும் ஆங்கிலத்தில் மீடியனே. ஆகையால் தமிழில் தனித்தனிப் பெயர் இருப்பது நமக்கு வசதி.

மஞ்சள்காட்டுக்காரர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூத்த உறுப்பினரை வீட்டுக்கே போய்ப் பார்த்து, பிழை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அறிக்கையில் இப்போது இரண்டு வரிகள் இருக்கும். “உறுப்பினர்களை அவர்கள் பெற்ற விலைப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் பெற்றது இடைநிலை விலை, பாதி உறுப்பினர்களுக்கு இதற்கு மேல் கிடைக்கவில்லை” என்பது ஒன்று. மொத்தப் பணத்தை மொத்த எடையால் வகுத்த சராசரி விலை மற்றொன்று. எடைப்படி இடைநிலையையும் போடலாம் என்று அவரே இப்போது சொல்கிறார். அதற்காக எல்லோருடைய எடைச்சீட்டுகளையும் திண்ணையில் பரப்பி, விலைவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.